ஒன்றரை மணி நேரத்தில் சிங்கப்பூர்!

அப்பா காலமான அன்று எங்கள் கும்பகோணம் வீட்டில் பெரிய சண்டை. காரணம், ஒரு விமான டிக்கெட்!

அண்ணனுக்கு சிங்கப்பூரில் வேலை. காலை பத்து மணிக்குத் தகவல் சொன்னேன். டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 'சிங்கப்பூர் புறப்பாடு இரவு 8.00. சென்னை வருகை இரவு 9.30.'

சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"வெறும் ஒன்றரை மணி நேரமாடா? இங்கேர்ந்து திருச்சிக்கு பஸ்ல போனாலே அதைவிட ஜாஸ்தி ஆகுமே! மத்தியானமே வந்திருக்கலாம். வர மனசில்லை அவனுக்கு. காத்திருக்க வேண்டாம், சாயந்திரமே எடுத்துடலாம். நீயே கொள்ளி போடு."

அடியேன் பி.காம். ஒரு பக்கக் கணக்கை மட்டும் பார்த்து பேலன்ஸ் ஷீட் போடக்கூடாது என்று படித்தவன். போனில் அண்ணனின் பழைய டிக்கெட் ஒன்றைத் தேடி எடுத்தேன். சென்னை புறப்பாடு இரவு 11.30. சிங்கப்பூர் வருகை காலை 6.00.

"போக ஆறரை, வர ஒன்றரை. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க சித்தப்பா."

"நாலு."

"அதான் நிஜம்!"

டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. சுமார் 2,900 கிலோமீட்டர் வான்வழியைக் கடக்க விமானத்துக்கு எப்படியும் நாலு மணி நேரம் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. சூரியன் ஒரு டிகிரி நகர நாலு நிமிஷம். இரண்டு ஊருக்கும் இடையே இருபத்து மூன்றரை டிகிரிதான். அந்தக் கணக்குப்படி வித்தியாசம் ஒரு மணி முப்பத்து நாலு நிமிஷம்தான் வரவேண்டும். மீதி மனுஷன் வைத்தது. 1982 பிறந்தபோது சிங்கப்பூரில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள்!

"நான் போன் பண்ணப்போவே அங்கே பன்னிரண்டரை சித்தப்பா. டிக்கெட் கிடைச்சு, ரெண்டு மூணு மணி முன்னாடியே ஏர்போர்ட் போய், நாலு மணி பறந்து, சென்னையில வெளியே வந்து, அப்புறம் கார்ல முந்நூறு கிலோமீட்டர். விடியற்காலை அஞ்சு ஆயிடும்."

சித்தப்பா வெகு நேரம் பேசவில்லை.

"எங்க தாத்தா போனப்போ எங்கப்பா சிங்கப்பூர்ல இருந்தார்டா. ரஜூலா கப்பல்ல ஒரு வாரம். வந்து சேர்ந்தப்போ அஸ்தியே கரைச்சாச்சு" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஐஸ் பெட்டிக்காரனுக்குப் போன் போடு. பெரியவன் வரட்டும்."

விடியற்காலை ஐந்தேகாலுக்கு கார் திரும்பியபோது, தெருமுனையில் டார்ச் லைட்டோடு நின்றிருந்தது சித்தப்பாதான். இறங்கிய அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"நாலு மணி நேரமாமேடா... சாப்பிட ஏதாவது குடுத்தானா?"