தண்ணி பட்டா பத்திக்கும் சரக்கு: நடுரோட்டில் லாரி கவிழ்ந்தால் என்ன செய்யணும்?

தீப்பிடித்தால் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். பக்கத்து வீட்டுக் குழாயோ தீயணைப்பு வண்டியோ, கை தானாக அங்கேதான் போகும். ஆனால், தண்ணீர் பட்டால்தான் ஆபத்தே ஆரம்பிக்கும் என்கிற சரக்குகளும் தினமும் லாரியிலும் கப்பலிலும் போய்க்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு சரக்கு ஏற்றிய கப்பல்தான் 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கியது.

லைபீரியக் கொடியுடன் வந்த 'எம்.எஸ்.சி. எல்சா 3' விழிஞ்ஞம் துறைமுகத்தில் இருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. மே 24 அன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. ஊழியர்கள் 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலில் இருந்தவை 640 கன்டெய்னர்கள். அவற்றில் 13-ல் அபாயகரமான சரக்கும், 12-ல் கால்சியம் கார்பைடும் இருந்ததாக இந்திய கடலோரக் காவல் படை தெரிவித்தது.

அடுத்த சில நாட்களில் கன்டெய்னர்கள் கரை ஒதுங்கத் தொடங்கின. பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி கடற்கரை வரை வந்து சேர்ந்தன. "பெட்டியைத் தொடாதீங்க, கிட்டப் போகாதீங்க, 112-க்கு போன் பண்ணுங்க" என்று கேரள பேரிடர் மேலாண்மை ஆணையம் மீனவர்களுக்கும் மக்களுக்கும் திரும்பத் திரும்பச் சொன்னது. எண்ணெய்க் கசிவுக்குப் பயந்தது எல்லோருக்கும் புரிந்தது. கார்பைடுக்கு ஏன் இவ்வளவு பயம் என்பதுதான் பலருக்குப் புரியவில்லை.

மாம்பழத்துக்குப் போடுற கல்தானே?

ஆமாம், அதேதான். மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்க வைக்கப் பயன்படுத்துவதாக ஒவ்வொரு கோடையிலும் செய்தியில் அடிபடும் 'கார்பைட் கல்'தான் இது. பழங்களைப் பழுக்க வைக்க இதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது. ஆனால், வெல்டிங்குக்கான கேஸ் தயாரிக்கவும், இரும்பு உருக்காலைகளிலும் இது சட்டப்படி பயன்படுகிறது. அதனால் டன் கணக்கில் போக்குவரத்து நடக்கிறது.

பார்ப்பதற்குச் சாம்பல் நிற ஜல்லி மாதிரி இருக்கும். தனியாகக் கிடந்தால் எரியாது. தண்ணீர் பட்டதும் அசிட்டிலீன் வாயு வெளியேறும். ஒரு கிலோ கல்லில் இருந்து சுமார் 300 லிட்டர் வாயு வரும். மின்விளக்கு பரவலாவதற்கு முன்பு சுரங்கத் தொழிலாளர்களின் தலைவிளக்கு எரிந்ததே இப்படித்தான். மேலே இருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், கீழே கார்பைட் இருக்கும்.

விளக்குக்குள் கட்டுப்பாட்டோடு நடப்பது லாரிக்குள் நடந்தால்தான் சிக்கல். காற்றில் 2.5% அசிட்டிலீன் கலந்தாலே தீப்பிடிக்கும். 80% கலந்திருந்தாலும் பிடிக்கும். சமையல் எரிவாயுவுக்கு இந்த வரம்பு சுமார் 2 முதல் 10% வரைதான். அதாவது, அசிட்டிலீன் எந்த அளவில் தேங்கினாலும் ஒரு சிறு பொறி போதும்.

பொறிகூட வெளியில் இருந்து வர வேண்டியதில்லை. வாயு உருவாகும்போதே நிறைய வெப்பமும் உருவாகும். கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால் அந்த வெப்பத்தைக் கடத்திச் செல்ல வழியில்லாமல், கல்லே சூடேறி வாயுவைப் பற்றவைத்துவிடலாம். பாதி நனைந்த, மூடிய கன்டெய்னரைக் கண்டு பயப்படக் காரணம் இதுதான். கதவைத் திறக்கும் இரும்புக் கம்பியின் உரசல்கூட ஆபத்தானது.

எல்லாம் ஒரே ரகம் இல்லை

ஐ.நா.வின் அபாயச் சரக்கு வகைப்பாட்டில் 4-ம் வகுப்பு எரியும் திடப்பொருட்களுக்கானது. அதில் மூன்று பிரிவுகள்:

• 4.1: உரசல், நெருப்புப் பொறியால் எளிதில் பற்றுபவை. சிவப்பு, வெள்ளைக் கோடுகள் கொண்ட சாய்சதுரம். தீப்பெட்டி, கந்தகம் போன்றவை.

• 4.2: காற்று பட்டாலே தானாகப் பற்றுபவை. மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி சிவப்பு. வெள்ளை பாஸ்பரஸ் இந்த ரகம்.

• 4.3: தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கக்குபவை. நீல நிறச் சாய்சதுரம், நடுவில் தீச்சுடர். கால்சியம் கார்பைட், சோடியம், மேல்பூச்சு இல்லாத அலுமினியத் தூள், நெல் குடோன்களில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைட் மாத்திரை எல்லாம் இங்கே வரும்.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் உயிர் போகும். வெள்ளை பாஸ்பரஸைத் தண்ணீருக்குள் போட்டுத்தான் பாதுகாக்கிறார்கள். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும். ஒரே வகுப்பு, நேரெதிர் குணம்.

2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் நடந்தது இதற்கு உதாரணம். நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கோடை வெயிலில் அது உலர்ந்து, தானாகத் தீப்பிடித்தது என்று அரசு விசாரணை சொன்னது. தீ பரவி அமோனியம் நைட்ரேட் வெடித்தது. 165 பேர் இறந்தனர், 8 பேரைக் காணவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலானோர் தீயணைப்பு வீரர்கள். அந்தக் கிடங்கில் கார்பைட், சோடியம் சயனைடு உட்பட பல ரசாயனங்கள் விதிகளை மீறி அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்ற முழு விவரம் முதலில் போன வீரர்களுக்குத் தெரியாது.

சரி, லாரி கவிழ்ந்தா முதல்ல என்ன?

மழை நாள். நெடுஞ்சாலையில் கார்பைட் டிரம் ஏற்றிய லாரி கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் செய்ய வேண்டியது தீயணைப்பு அல்ல, வாசிப்பு.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, அபாயச் சரக்கு ஏற்றும் வாகனத்தில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். ரசாயனத்தின் பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், 'ஹாஸ்கெம்' குறியீடு, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். டிரைவரிடம் 'டிரெம் கார்டு' என்ற அவசரகால அட்டையும் இருக்க வேண்டும்.

கார்பைடின் எண் 1402. ஹாஸ்கெம் குறியீட்டின் முதல் இலக்கம், எதைக் கொண்டு அணைப்பது என்பதைச் சொல்லும். 1, 2 என்றால் தண்ணீர். 3 என்றால் நுரை. 4 என்றால் உலர்பொருள் மட்டும்தான், தண்ணீர் படவே கூடாது. ஐரோப்பிய முறையில் ஓடும் வாகனங்களில், ஆரஞ்சுப் பலகையின் எண்ணுக்கு முன்னால் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால் அதற்கும் இதே அர்த்தம்.

தண்ணி வேணாம்னா வேறென்ன?

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் தீயணைப்பு வீரர்கள் வண்டியிலேயே வைத்திருக்கும் அவசரகாலக் கையேட்டில் 1402-க்கு எதிரே 138-ம் வழிகாட்டி என்று இருக்கும். அதன் சாரம் இது:

• திடப்பொருள் கொட்டியிருந்தால் எல்லாத் திசையிலும் குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். லாரியே எரிந்தால் 800 மீட்டர்.

• தண்ணீரும் நுரையும் கூடாது. நுரையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

• சிறு தீ என்றால் உலர்ந்த மணல், சுண்ணாம்புத் தூள், சோடா சாம்பல், உலர் ரசாயனத் தூள்.

• சோடியம், மக்னீசியம் போன்ற உலோகத் தீக்கு 'டி' வகை அணைப்பான் வேண்டும். அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண 'ஏபிசி' அணைப்பான் இதற்கு உதவாது.

• கொட்டிய பொருளை உலர்ந்த மண்ணால் மூடி, மேலே பிளாஸ்டிக் தாளோ தார்ப்பாயோ போட்டு மழையில் இருந்து காக்க வேண்டும். சாக்கடைக்குள் போகவிடக் கூடாது. மூடிய சாக்கடைக்குள் தண்ணீரும் கார்பைடும் சேர்ந்தால், எரியும் வாயு அங்கேயே தேங்கிவிடும்.

• தீ பெரிதாகிவிட்டால் விலகி நின்று, எரிந்து தீரட்டும் என்று விட்டுவிடலாம்.

கடைசி வரியை ஏற்பதுதான் கஷ்டம். சுற்றிலும் கூட்டம், "தண்ணி அடிங்க சார்" என்று கத்தல், வீடியோ எடுக்கும் போன்கள். இதற்கு நடுவே சும்மா நிற்பது கையாலாகாத்தனம் மாதிரி தெரியும். ஆனால், அந்த நேரத்தில் வீரர்கள் சும்மா இருப்பதில்லை. மக்களை அப்புறப்படுத்துவது, போக்குவரத்தைத் திருப்புவது, சரக்கில் தெறிக்காமல் பக்கத்துக் கட்டடங்களைக் குளிர்விப்பது என்று வேலை நடக்கும்.

மணலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரோட்டோரம் குவிந்து கிடக்கும் மணல் மழையில் ஊறியிருக்கும். அதை அள்ளிப் போட்டால் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். உலர்ந்த மணலை முன்கூட்டியே சேமித்து வைத்திருந்தால்தான் பலன்.

உடம்பில் பட்டால்?

துகள் தோலில் ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர், அதுவும் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம். கண் எரிச்சல், இருமல் இருந்தால் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய் 108-ஐ அழைக்க வேண்டும். தொழிற்சாலைக் கார்பைடில் பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால், நனைந்தால் நச்சுத்தன்மை கொண்ட பாஸ்பீன் வாயுவும் கொஞ்சம் வெளிவரும். பூண்டு மாதிரி நெடி அடித்தால் அங்கே நிற்கவே கூடாது.

வழியில் போகிறவர் என்ன செய்யலாம்?

வண்டியைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்துங்கள். புகை உங்களை நோக்கி வரக் கூடாது. சிகரெட், லைட்டர் வேண்டாம். செல்பி எடுக்கக் கிட்டப் போக வேண்டாம். டிரம்மைத் தூக்கி ஓரமாக வைக்கும் நல்லெண்ணமும் வேண்டாம்.

பாதுகாப்பான தூரத்தில் இருந்து கேமராவை ஜூம் செய்தால் பலகை தெரியும். 112 அல்லது 101-க்கு அழைக்கும்போது "லாரி எரியுது, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லாமல், "நீலக் கலர் பலகை இருக்கு, நம்பர் 1402" என்று சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் வண்டியோடு கிளம்பப்போகும் குழு உலர்தூளையும் மணலையும் ஏற்றிக்கொண்டு வருமா என்பதை அந்த நான்கு இலக்கம் தீர்மானிக்கலாம்.