உடலின் வரவு செலவும் தொலைதூரச் சிகிச்சையும்

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுக்கும்போதுதான் ஊரின் தொலைவு உள்ளபடி விளங்குகிறது. ஊரில் இருந்தால் எந்த வைத்தியரிடம் போவது என்று யாரையும் கேட்க வேண்டுவதில்லை. மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ இருக்கும்போது, அறியாத மொழியில் அறியாத ஆஸ்பத்திரியைத் தேடுகிறோம். சாதாரணக் காய்ச்சலுக்கு இது பெரிய இடராகாது. பெயர்கூடக் கேட்டிராத ஒரு நோய் நம் குழந்தைக்கு வந்துவிட்டால், எங்கே போவது என்னும் கேள்வி நம்மை உறங்க விடாது. நகையை விற்றேனும் வெளிநாட்டுக்குக் கொண்டு போய்விடலாமா என்று மனம் தவிக்கும். இத்தகைய நோய்களுள் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு உண்டாகிறது, அதற்குரிய நிபுணரை எவ்வாறு தேடுவது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

வளர்சிதை மாற்றம் என்னும் சொல்லே தன் பொருளைத் தானே கூறிவிடுகிறது. உடலில் இடையறாது இரு தொழில்கள் நிகழ்கின்றன. ஒன்று சிதைத்தல், மற்றொன்று வளர்த்தல். நாம் உண்ட சோறு சர்க்கரையாகச் சிதைகிறது; பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. இவற்றிலிருந்து உடல் சக்தியைப் பெறுகிறது; இவற்றைக் கொண்டே தசையையும் இரத்தத்தையும் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. நாம் உறங்கும்போதும் இவ்வேலை நிற்பதில்லை. மூளை நம் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும், ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. ஆகையினால் இந்த வரவு செலவில் பிழை நேர்ந்தால் முதலில் துன்புறும் உறுப்புகளுள் மூளையும் ஒன்று.

இம்மாற்றங்கள் ஒரே பாய்ச்சலில் நிகழ்வன அல்ல. கட்டடம் எழும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைமாற்றுவதைக் கண்டிருக்கிறோம். அதுபோல ஒரு பொருள் படிப்படியாக மற்றொன்றாக மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் நின்று வேலை செய்யும் ஆளுக்கு நொதி என்று பெயர். வரிசையில் ஓர் ஆள் செயலற்று நின்றால் என்ன ஆகும்? அவருக்குப் பின்னே செங்கல் குவியும். முன்னே இருப்பவருக்குச் செங்கல் கிட்டாது. உடலிலும் அப்படியே. ஒரு நொதி பழுதுபட்டால் ஒருபுறம் வேண்டாத பொருள் தேங்கி நஞ்சாகலாம். மறுபுறம் வேண்டிய பொருள் இல்லாமற் போகலாம். இவ்வகைக் குறைகளைப் 'பிறவிப் பிழைகள்' என்று லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட் 1908-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் விளக்கினார். இவை தொற்றுவன அல்ல. பெற்றோர் செய்த குற்றத்தால் வருவனவும் அல்ல.

இப்பிழையைக் கண்டறிவதில் காலம் எத்துணை முக்கியமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1934-இல் நார்வே நாட்டில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளையும் டாக்டர் அஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் கொண்டுசென்றார். குழந்தைகளிடம் ஒரு விசித்திரமான வாடை வீசுவதை அத்தாய் கவனித்திருந்தார். பல வைத்தியர்களைக் கேட்டும் அவருக்கு விடை கிடைத்திருக்கவில்லை. ஃபோலிங் அக்குழந்தைகளின் சிறுநீரில் பெர்ரிக் குளோரைடைச் சேர்த்தபோது எதிர்பாராத வகையில் பச்சை நிறம் தோன்றியது. அதன் காரணத்தைத் தேடிச் சென்ற அவர், பினைல்கீட்டோனூரியா என்று இன்று நாம் அழைக்கும் நோயைக் கண்டறிந்தார். புரதத்தில் உள்ள பினைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதி பழுதுபடுவதே அதன் மூலம். தாயின் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆயினும் அவருடைய குழந்தைகளின் மூளைக்கு நேர்ந்த கேட்டை மீட்க முடியவில்லை.

1951-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மற்றொரு தாய் இதே நோயுற்ற தம் பெண் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டுமென்று விடாது வற்புறுத்தினார். டாக்டர் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும், பினைல் அலனினைப் பெரும்பாலும் நீக்கிய தனி உணவு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார்கள். நிற்கவும் இயலாதிருந்த குழந்தை சில மாதங்களில் தேறலாயிற்று. உணவே மருந்தாகும் என்பது மெய்ப்பட்டது. ஆனால் அவ்வுணவை மூளை கெடுமுன் தொடங்க வேண்டுமே! அதற்கு வழிகண்டவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில இரத்தத் துளிகளைத் தாளில் உலரவைத்துச் சோதிக்கும் முறையை அவர் 1960-களின் தொடக்கத்தில் வகுத்தார். முதல் வாரங்களிலேயே கண்டறியப்பட்டு, உணவு முறையை ஒழுங்காகப் பின்பற்றும் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளரக்கூடும்.

உலர்ந்த இரத்தத் துளி தபாலில் செல்லும் என்பதை இங்கே கருத வேண்டும். நோயாளி கடல் கடக்குமுன் இரத்தத் துளியும் மருத்துவக் குறிப்பும் பயணம் செய்யலாம். தொலைதூரத்தில் சிகிச்சை தேடுவோர் முதலில் அறிய வேண்டிய நெறி இதுவே.

எப்போது ஐயுற வேண்டும்? பிறந்தபோது நலமாக இருந்த சிசு, ஓரிரு நாட்களில் பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுத்து, எழுப்பினாலும் விழிக்காத மயக்கத்தில் ஆழ்ந்தால் தாமதிக்கலாகாது. வளர்ந்த குழந்தையானால், சிறு காய்ச்சலிலோ பட்டினியிலோ அளவுக்கு மீறிச் சோர்ந்து விழுதல், மீண்டும் மீண்டும் வலிப்பு வருதல், கற்றுக்கொண்ட நடையையும் பேச்சையும் இழத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். கிருமித் தொற்றிலும் இவ்வறிகுறிகள் தோன்றுவதால் மயக்கம் நேரலாம். ஆகவே 'வளர்சிதை மாற்றக் கோளாறாக இருக்கலாமா?' என்று வைத்தியரை நாமே பணிவுடன் கேட்பது நலம். நோய் முற்றி நிற்கும் வேளையில் இரத்தத்தில் சர்க்கரை, அம்மோனியா, அமிலநிலை ஆகியவற்றைச் சோதித்தால், குழந்தை தேறிய பின் புலப்படாத உண்மையும் அப்போது வெளிப்படும்.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்திலே மணம் செய்வது நம்மிடையே நெடுநாள் வழக்கம். ஒரே பழுதுபட்ட மரபுக் குறிப்பைத் தாயும் தந்தையும் மறைவாகத் தாங்கியிருக்க இவ்வழக்கம் இடந்தருகிறது. இருவரும் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர 4-இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் காரணம் தெரியாமல் சிசுக்கள் இறந்திருந்தால் அதை நாணி மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அடுத்த பேற்றுக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறலாம்.

இனி, நிபுணரை எங்கே தேடுவது? நம் நாட்டில் எல்லா ஊர்களிலும் எல்லாச் சிசுக்களுக்கும் இரத்தத் துளிச் சோதனை தானாக நடைபெறுவதில்லை. பல இடங்களில் நாமே கேட்டுப் பெற வேண்டும். எனினும், 2021-இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதன்கீழ் சிறப்பு மையங்கள் குறிக்கப்பட்டன. தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், மும்பையின் கே.இ.எம். மருத்துவமனை, சண்டிகர், லக்னோ, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களில் உள்ள நிலையங்கள் அவற்றுள் அடங்கும். இக்கொள்கையின்கீழ் வரும் நோய்களுக்கு, சிறப்பு மையத்தின் வாயிலாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி அளிக்க 2022-இல் வழி செய்யப்பட்டது. ஆகவே கடல் கடப்பதற்கு முன், நாம் குடியேறியுள்ள நகரத்திலேயே கதவு ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

அதன் பின்னும் வெளிநாட்டு நிபுணரின் கருத்து வேண்டுமெனில், நம் மருத்துவர் வாயிலாகக் கேட்பதே சிறந்தது. ஐரோப்பிய நாடுகள் 2017-இல் அரிய நோய்களுக்கென 24 மருத்துவ வலைப்பின்னல்களை அமைத்தன. அவற்றுள் ஒன்று வளர்சிதை மாற்ற நோய்களுக்கு உரியது. நோயாளி அலைவதற்குப் பதிலாக அறிவு பயணம் செய்யட்டும் என்பதே அவ்வமைப்பின் கொள்கை. நாமும் அதனைப் பின்பற்றலாம். நோய் தொடங்கிய நாள், சோதனை முடிவுகள், உட்கொண்ட மருந்துகள், குடும்ப வரலாறு ஆகியவற்றை இரண்டு பக்கங்களில் தெளிவாக எழுதி மருத்துவர் கையொப்பத்துடன் அனுப்ப வேண்டும். மூன்று கேள்விகளுக்கு விடை பெறாமல் பயணச் சீட்டு வாங்கலாகாது. அங்கே கிடைக்கும் எச்சிகிச்சை இங்கே கிடைக்காது? அதன் முழுச் செலவு யாது? திரும்பி வந்த பின் ஆயுள் முழுதும் நம்மைக் கவனிக்கப் போகிறவர் யார்? இந்நோய்களிற் பலவற்றுக்குச் சிகிச்சை ஒருநாள் அறுவையன்று. நாள்தோறும் தொடரும் உணவு ஒழுங்கு. மூன்றாம் கேள்விக்கு விடையில்லாத பயணம் பணத்தைக் கரைக்குமேயன்றிப் பயன் தராது.

நோய் உறுதியானவர்கள், அவசர வேளையில் என்ன கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கலாகாது என்னும் குறிப்பொன்றை நிபுணரிடம் எழுதி வாங்கி, எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அம்மாநில மொழியிலும் அது இருப்பது நலம். நள்ளிரவில் ஓர் அந்நிய ஊரின் ஆஸ்பத்திரியில், நமக்கு மொழி துணை செய்யாத வேளையில், அந்த ஒரு தாள் நமக்காகப் பேசும். மேலும், நிபுணரைக் கேளாமல் பாலையோ உணவையோ நாமாக நிறுத்துவது ஆபத்தானது.

நார்வேயின் தாய்க்கு விடை காலங்கடந்து கிடைத்தது. அவர் விடாது கேட்ட கேள்வியினால் பின்வந்த எண்ணற்ற குழந்தைகள் காக்கப்பட்டனர். நாமும் கேட்கத் தயங்க வேண்டாம். முதலில் அருகில் கேட்போம், குறிப்புடன் கேட்போம், காலத்தே கேட்போம்.