தோலில் வைத்த வண்ணம்

கருந்திராட்சை ஒன்றை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெளிர்பச்சை. பிழிந்தால் வரும் சாற்றுக்கும் நிறமென்று பெரிதாக ஒன்றுமில்லை. அத்தனை கருமையும் மெல்லிய தோலில்தான். வாயில் போட்டு விதையைத் துப்பிவிட்டுப் போகிற நாம் இதை நின்று பார்ப்பதே இல்லை.

பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் பினோ நுவார் என்ற கருந்திராட்சையைத் தோல் ஊறுமுன் இதமாகப் பிழிந்து வெண்ணிற மதுவே எடுத்துவிடுகிறார்கள். செம்மது வேண்டுமென்றால், அதே நாட்டின் போர்தோவில் செய்வதுபோல், சாறு தோலோடும் விதையோடும் தொட்டியில் ஊற வேண்டும். மதுவை நாவால் தொடாதவரும் வியக்கத்தக்கது அந்தத் தொட்டிக்குள் நடப்பது.

தோலின் செல்களுக்குள், கண்ணுக்கெட்டாத நுண்பைகளில் இருக்கிறது ஆந்தோசயனின் என்னும் நிறமி. பழம் நசுங்கியதும், நீரில் கரையும் அது முதல் சில நாள்களிலேயே சாற்றுக்குள் இறங்கிவிடுகிறது. துவர்ப்பைத் தரும் டானினுக்கோ அவசரமே இல்லை. அதிலும் விதையின் டானின், உறைக்குள் அடைபட்டு, சர்க்கரை ஆல்கஹாலாக மாறிய பிறகே மெல்ல மெல்லக் கசிகிறது. அந்த ஆல்கஹாலை ஆக்குவது யார்? ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும் ஈஸ்ட்! நொதித்தல் ஓர் உயிரின் வேலை என்று லூயி பாஸ்டர் காட்டியது 1860-ஐ ஒட்டித்தான். அதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அந்தச் சிற்றுயிர் தன் பணியைச் செய்துகொண்டிருந்தது.

ஈஸ்ட் விடும் வாயு தோல்களை மேலே தூக்கிவிடுகிறது. அடியிலிருந்து சாற்றை எடுத்து அவற்றின்மேல் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சூடு 30 டிகிரியை ஒட்டி நிற்கலாம். மிஞ்சினால் ஈஸ்ட் சோர்ந்துபோகும். விதை அளவுக்கு மீறி ஊறினால் துவர்ப்பு கரடுமுரடாகும். புளிப்பு குறைந்தாலோ சிவப்பு நீலம் பாயத் தொடங்கும். எத்தனை நுட்பமான சமன்!

இந்த நிறமும் துவர்ப்பும் கொடி நமக்காகச் சேர்த்ததல்ல என்பதை எண்ணும்போதுதான் தலை தாழ்கிறது. விதை முற்றும்வரை பழத்தைத் தின்னவரும் வாயை விலக்கத் துவர்ப்பு. முற்றியபின் பறவையை அழைக்க நிறம். கொடி தன் குஞ்சுகளுக்குச் செய்த ஏற்பாட்டில் நாம் குறுக்கே கைநீட்டுகிறோம், அவ்வளவே.

மதுவுக்குள் இறங்கியபின் தனித்து நிற்கும் நிறமி நிலைப்பதில்லை. கொஞ்சம் சிதைகிறது, கொஞ்சம் ஈஸ்ட்டில் ஒட்டிப் போகிறது. டானினோடு பிணைந்த பங்குதான் ஆண்டுகளைக் கடக்கிறது. நாளாக ஆக அந்தப் பிணைப்பும் பெருத்துக் கனத்து வண்டலாகப் படிகிறது. பழைய மதுவைக் கலக்காமல் சாய்த்து வடிப்பது அதனால்தான்.