கம்ப்யூட்டருக்கும் வேண்டும் அஞ்சறைப்பெட்டி!

கடுகு ஓர் அறை, மிளகு ஓர் அறை என்று பிரித்து வைக்கும் நாம், கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டி வைக்கிறோமே, ஏன்?

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, அனுமந்தையில் என் நாத்தனார் வீடு. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மின்சாரம் வந்து வந்து போனது. மறுவாரம் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. பழுது பார்க்க வந்த பையன், "விண்டோஸ் கெட்டுப்போச்சு அக்கா. அழிச்சிட்டுப் புதுசா போடணும்" என்றான். இவளும் தலையாட்டிவிட்டாள்.

மாலையில் போனில் ஒரே அழுகை. "அண்ணி, குழந்தையோட முதல் வருஷப் போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு!"

விண்டோஸும் போட்டோக்களும் ஒரே 'சி' அறையில் இருந்ததால் வந்த வினை இது. அறை பிரிப்பது கடினமல்ல:

1. தொடங்குமுன், முக்கியமானவற்றை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள்.

2. ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறவுங்கள். 'சி' மேல் வலது கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். விண்டோஸுக்கு 150 ஜிபியாவது இருக்கட்டும். மீதிக் காலியிடத்தில் 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால் புது அறை தயார். 'ரெகவரி' என்ற சிறிய அறையைத் தொடவே வேண்டாம்.

3. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் வழக்கமாக 'சி'யில்தான் இருக்கும். ஒவ்வொன்றின் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'லொகேஷன்' பகுதியில் 'மூவ்' கொடுத்துப் புது அறைக்கு மாற்றுங்கள்.

4. பழுது பார்ப்பவரிடம், "'சி'யை மட்டும் அழிங்க, அடுத்ததைத் தொடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. போட்டோ, பட்டா நகல், மகளிர் குழுக் கணக்கு எல்லாம் ஓரிடத்தில் இருப்பதால், நகல் எடுக்கும்போது எதுவும் விட்டுப்போகாது.

ஆனால் ஒன்று, சகோதரிகளே! அஞ்சறைப்பெட்டியே தண்ணீரில் விழுந்தால் எல்லா அறையும்தான் நனையும். ஹார்டு டிஸ்க் செத்தால் 'சி'யும் போகும், அடுத்ததும் போகும். அறை பிரிப்பது நகல் ஆகாது. மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். முடிந்தால் இன்னொரு நகல் வெளியூரில், அம்மா வீட்டில் இருக்கட்டும்.

மழைக்கு முன்பே உப்பை மேட்டில் குவித்து மூடி வைப்பது உப்பளத்து வழக்கம். என் நாத்தனாரும் இப்போது ஐப்பசி பிறக்குமுன் டிஸ்க்கைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிடுகிறாள். போன போட்டோக்களில் சிலவற்றை உறவினர் போன்களிலிருந்து சேர்த்தாள். மற்றவை போனது போனதுதான்.

உங்கள் வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாமே!