29ஆம் லெவலுக்கு அப்பால்

நின்டெண்டோ 1989இல் வெளியிட்ட டெட்ரிஸுக்கு முடிவு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. ஆனாலும் 29ஆம் லெவலோடு கதை முடிந்தது என்றே ஆட்டக்காரர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். நம்பியதற்குக் கணக்கும் இருந்தது. அந்த லெவலில் ஒரு கட்டை 20 வரிசைகளையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடியில் கடந்துவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தால் அது விநாடிக்குப் பத்துக் கட்டம்தான் பக்கவாட்டில் நகரும். விழுவதற்குள் மூன்று கட்டம், மிஞ்சினால் நான்கு. நீளக் கட்டையை நிமிர்த்தி இடது ஓரம் சேர்க்கவோ ஐந்து கட்டம் போக வேண்டும். கணக்கில் பிழையில்லை, பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் ஆட வேண்டும் என்ற அனுமானம்தான் அதற்குள் ஒளிந்திருந்தது.

அதை விரல்கள் உடைத்தன. பட்டனைப் பிடித்திருக்காமல் படபடவென்று தட்டியே தோர் ஆக்கர்லண்ட் 2011இல் 30ஆம் லெவலைத் தொட்டார். பத்தாண்டு கழித்து வந்த ‘ரோலிங்’ இன்னும் விநோதம். கட்டைவிரல் பட்டன்மேல் சும்மா இருக்கும். மற்றக் கையின் விரல்கள் தபேலா வாசிப்பதுபோல் கன்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலரே எழும்பி வந்து விரலில் மோதும். விநாடிக்கு 20 அழுத்தம்வரை கிடைக்கும். இப்படி ஆடித்தான் 2023 டிசம்பர் 21 அன்று, 13 வயது அமெரிக்கச் சிறுவன் வில்லிஸ் கிப்சன் 157ஆம் லெவலில் விளையாட்டையே உறைய வைத்தான். இந்த முறை தடுத்தது நிஜமாகவே இயந்திரம். அதிலுள்ள சிப்புக்குப் பெருக்கத் தெரியாது. வரிசை அழிந்ததும் மதிப்பெண்ணை லெவலுக்கேற்பத் திரும்பத் திரும்பக் கூட்டும். லெவல் உயர உயரக் கூட்டல் நீளும். அது முடிவதற்குள் அடுத்த திரைக்கான அழைப்பு குறுக்கிட்டால், நிரல் தவறான முகவரிக்குத் தாவிச் செயலிழந்துபோகும்.

ஸ்டாக்ராபிட் என்ற கணினி நிரல் 2021லேயே 237ஆம் லெவல்வரை போய்விட்டதே, இதில் மனிதர் சாதித்தது என்ன என்று கேட்கலாம். அது ஓடியது திருத்திய பதிப்பில். தவிர, அதற்கு விரல்கள் கிடையாது. எங்கே உடையக்கூடும் என்று நிரல் சொல்லும், கை அங்கே போய்ச் சேருமா என்று சொல்லாது. 138ஆம் லெவலிலிருந்து நிறங்கள் தாறுமாறாகி, சில லெவல்களில் கட்டைகள் இருட்டோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போகின்றன. அந்தச் சிரமமும் நிரலுக்கு இல்லை. வடிவமைத்தவர்கள் நினைக்காத வழியில் ஆடுவது ஏமாற்று என்பது இன்னொரு வாதம். கன்ட்ரோலர் அதேதான், கேசட்டும் அதேதான். ஒரு பட்டனை எந்த விரலால் எப்படி அழுத்த வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் 2024 அக்டோபரில் மைக்கேல் ஆர்டியாகா 255ஆம் லெவலைத் தாண்டி மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது, உறையாதபடி திருத்திய பதிப்பில். ஆட்டத்திறனில் அது கிப்சனுடையதற்குக் குறைந்ததல்ல என்றாலும், பதிவேட்டில் அதைத் தனி வரியில்தான் எழுத வேண்டும்.