விளக்கில்லாத திரையும் பூட்டிய புத்தகமும்

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாஃப் லெம் 1961இல் எழுதிய ‘விண்மீன்களிலிருந்து திரும்புதல்’ நாவலில், நீண்ட விண்வெளிப் பயணம் முடித்துப் பூமிக்கு வரும் நாயகன் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைகிறான். அங்கே புத்தகங்களே இல்லை. நூல்கள் எல்லாம் சின்னஞ்சிறு படிகங்களாகிவிட்டன. ஒரு படிகத்தை ‘ஆப்டான்’ என்ற கருவிக்குள் போட்டால் படிக்கலாம். இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு தாள். தொடத் தொட அதிலேயே அடுத்த பக்கம் தோன்றும். பெரும்பாலோருக்கு அதிலும் நாட்டமில்லை, நூலை வாசித்துக் காட்டும் ‘லெக்டான்’தான் பிடிக்கிறது என்றும் கடையில் சொல்கிறார்கள். இன்றைய ஒலிநூல்களையும் சேர்த்தே அறுபதாண்டுகளுக்கு முன் ஒருவர் கற்பனை செய்துவிட்டார்.

ஆப்டானுக்கு மிக அருகில் வந்திருக்கும் கருவி, இ-இங்க் திரை கொண்ட மின்னூல் வாசிப்பான். கிண்டில், கோபோ என்ற பெயர்களில் விற்கிறது. ஆயிரம் வேலை செய்யும் கைப்பேசியோடு ஒப்பிட்டால் அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. அந்த ஒரு வேலையில் அதை மிஞ்ச இன்னும் எந்தத் திரையும் வரவில்லை.

காரணம், அதன் திரை ஒளியை உமிழ்வதில்லை. கைப்பேசித் திரை கண்ணை நோக்கி வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது. அதனால்தான் உச்சி வெயிலில் மங்கிப்போகிறது. இ-இங்க் திரையோ காகிதத்தைப் போலவே தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும்.

உள்ளே நடப்பது இன்னும் சுவையானது. தலைமுடியின் பருமனே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழிகள் திரை முழுக்கப் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிவான ஒரு திரவம். அதில் மிதக்கும் வெள்ளை, கறுப்புத் துகள்கள். வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் இங்கேயும் வெள்ளை. இரு நிறத் துகள்களுக்கும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னூட்டம். அடியிலுள்ள மின்முனையின் மின்னழுத்தத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே ஏறும், மற்றது கீழே இறங்கும். மேலே வந்து நின்றதுதான் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிகிறது.

ஏறிய துகள் அப்படியே நின்றுவிடும் என்பதுதான் இதன் பெருஞ்சிறப்பு. மின்சாரத்தை முழுக்க நிறுத்தினாலும் படம் அழியாது. பக்கத்தைப் புரட்டும் கணத்தில் மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் படிக்க முடிவது இதனால்தான். இரவில் படிப்பதற்காக ஓரங்களில் சிறு எல்இடி விளக்குகள் வைக்கிறார்கள். அவற்றின் ஒளியும் திரையின் மேற்பரப்பில் விழுந்துதான் கண்ணுக்கு வருகிறது.

துகள்கள் திரவத்தில் நீந்தி ஏற நேரம் பிடிக்கும். ஆகவே வீடியோவுக்கு இது ஒத்துவராது. முந்தைய பக்கத்தின் சாயல் புதிய பக்கத்தில் மங்கலாகத் தங்குவதும் உண்டு. அதைத் துடைக்கவே திரை அவ்வப்போது முழுக்கக் கறுத்து வெளுக்கிறது. புதிதாக வாங்கியவர்கள் இதைப் பழுது என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் குறையைச் சமாளிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போக, வெள்ளையிலிருந்து சாம்பலுக்குப் போக, எந்த மின்னழுத்தத்தை எவ்வளவு நேரம் கொடுப்பது என்று ஒரு பெரிய அட்டவணையே கருவிக்குள் இருக்கிறது. குளிரில் திரவம் தடித்துத் துகள் மெதுவாக நகரும் என்பதால், வெப்பநிலையை அளந்து அதற்கேற்ற அட்டவணையை அது தேர்ந்தெடுக்கிறது. ஒரு பக்கம் புரள்வதற்குள் இத்தனை கணக்கு!

மின்காகிதம் செய்யும் முயற்சி 1970களிலேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் தொடங்கியது. அங்கே நிக் ஷெரிடன் ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் வெள்ளையுமான நுண்மணிகளை உருட்டிப் பார்த்தார். நுண்குமிழி வழியைக் கண்டவர்கள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஜேகப்சனும், அப்போது இளநிலை மாணவர்களாக இருந்த பேரட் கோமிஸ்கி, ஜே. டி. ஆல்பர்ட் ஆகியோரும். இவர்களின் பங்கோடு 1997இல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது.

இந்தத் திரையோடு முதலில் கடைக்கு வந்த வாசிப்பான், 2004இல் சோனி ஜப்பானில் வெளியிட்ட லிப்ரியே. திரை அருமை. ஆனால் அதற்கான நூல்கள் 60 நாளில் காலாவதியாகிவிடும். படித்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் திறக்காது. அந்தக் கருவி வெற்றி பெறாததில் வியப்பில்லை.

2007 நவம்பரில் 399 டாலர் விலையில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் வந்தது. உருவாகும் காலத்தில் அதற்கு வைத்திருந்த ரகசியப் பெயர் ‘ஃபியோனா’. நீல் ஸ்டீவன்சன் 1995இல் எழுதிய ‘த டைமண்ட் ஏஜ்’ என்ற அறிவியல் புனைகதையிலிருந்து எடுத்த பெயர் அது. கதையில் ஒரு பொறியாளர், செல்வந்தர் வீட்டுப் பெண்ணுக்காகத் தானே உருவாக்கிய அதிசயப் புத்தகத்துக்குத் தன் மகள் ஃபியோனாவுக்காகத் திருட்டுத்தனமாக ஒரு படி எடுக்கிறார். அந்தப் படி பறிபோய் நெல் என்ற ஏழைச் சிறுமியின் கையில் சேர்ந்து, அவள் வாழ்க்கையையே மாற்றுகிறது. ஒரு நூல் கைமாறுவதில் எத்தனை வலிமை இருக்கிறது என்பதே அந்தக் கதையின் உயிர்.

கிண்டிலில் வாங்கும் பெரும்பாலான நூல்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவை டிஜிட்டல் பூட்டோடு வருகின்றன. நண்பருக்குக் கொடுக்கவோ வேறு நிறுவனத்தின் கருவியில் திறக்கவோ முடியாது. 2009 ஜூலையில் நடந்தது இதைவிடக் கடுமை. உரிமை இல்லாத ஒருவர் விற்ற பிரதிகள் என்று கூறி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ நூல்களை அமேசான் தொலைவிலிருந்தே அவர்களது கிண்டில்களிலிருந்து அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் வாங்கிய நூலை எட்டியெடுக்கும் கை ஒன்று இருக்கிறது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூல்களைக் கணினியில் இறக்கிப் பத்திரப்படுத்தும் வசதியையும் அமேசான் நிறுத்தியது.

இதற்காக வாசிப்பானையே ஒதுக்கத் தேவையில்லை. பூட்டில்லாத நூல்கள் தமிழில் நிறையவே இருக்கின்றன. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் சங்க நூல்கள் முதல் இக்காலப் படைப்புகள் வரை இலவசமாகத் தருகிறது. யூனிகோடில் உள்ள இத்தகைய கோப்புகளை வாசிப்பானில் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கலாம். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. பழைய நூல்களைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃப்கள்தான் ஆறங்குலத் திரையில் பாடாய்ப் படுத்தும். அவற்றுக்குப் பத்தங்குலத் திரை வேண்டும். வண்ணத் திரைகளும் வந்துவிட்டன, ஆனால் நிறங்கள் வெளிறியே தெரிகின்றன. கதை, கட்டுரை படிப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளையே போதும்.

வாங்கப் போகிறவர்கள் திரையின் கூர்மை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஞ’வும் ‘ணை’யும் சிறிய அளவிலும் பிசிறில்லாமல் தெரியும். ஈபப் என்ற மின்னூல் வடிவில் உள்ள சொந்தக் கோப்புகளை எளிதில் ஏற்ற முடிகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். முதல் நூலாக மதுரைத் திட்டத்திலிருந்து ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்.