தேரும் முட்டுக்கட்டையும்

ஊர்தி எதுவாயினும் அது நேர்வழியில் ஓட வேண்டும். ஒருபுறம் ஒதுங்கும் ஊர்தி தன் வழியை இழப்பதோடு, அருகில் நிற்போரின் உயிருக்கும் ஊறு விளைவிக்கும். ஒதுங்குவதன் காரணத்தை அறிவதும், அதனைத் திருத்துவதும் இன்றைய பணிமனைகளில் மட்டும் தோன்றிய கலைகள் அல்ல. காவிரிப் படுகையின் தேர்வீதிகளில் மரக்கட்டை ஒன்றனைக் கொண்டே மாபெருந் தேர்களை நெறிப்படுத்திய தமிழரின் தொழில்நுட்ப அறிவை இப்பாடம் விளக்குகிறது.

ஆழித்தேர்

காவிரிப் படுகையின் தேர்களுள் தலையாயது திருவாரூர்த் தியாகராசர் கோவிலின் ஆழித்தேர். ‘ஆழி’ என்னும் சொல்லுக்குச் சக்கரம் என்றும் கடல் என்றும் பொருளுண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் தம் தேவாரத்தில் ஆழித்தேரைக் குறித்துள்ளமை இதன் தொன்மைக்குச் சான்றாகும். பழைய தேர் 1926ஆம் ஆண்டு தீக்கிரையானது. அதன்பின் உருவான புதிய தேர் 1930இல் ஓடியது. 1948க்குப் பிறகு நின்றுபோன தேரோட்டம் 1970இல் மீண்டும் தொடங்கியது. அலங்கரிக்கப்பட்ட நிலையில் இத்தேரின் உயரம் 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் இதற்கு இரும்புச் சக்கரங்களையும், ஹைட்ராலிக் பிரேக் அமைப்பையும் பொருத்தித் தந்தது. வடம் பிடித்து மக்கள் முன்னே இழுக்க, புல்டோசர்கள் பின்னிருந்து உந்துகின்றன.

திசைமாற்றி இல்லாத ஊர்தி

மகிழுந்தின் முன்சக்கரங்கள் இடமும் வலமும் திரும்பும். தேரின் சக்கரங்களோ அவ்வாறு திரும்புவதில்லை. அச்சுகள் தேரின் அடிப்பகுதியோடு அசையாது பிணைக்கப்பட்டிருத்தலின், தேர் தன் போக்கில் நேராகவே செல்லும் இயல்புடையது. ஆயினும் நடைமுறையில் அது நேராகச் செல்வதில்லை. ஒவ்வொரு சில அடிக்கும் சற்றே இடமோ வலமோ ஒதுங்கும். தொடக்கத்தில் விரலளவாக இருக்கும் ஒதுக்கம், திருத்தப்படாவிடில், வீதியோரத்து வீட்டின் திண்ணை வரை தேரைக் கொண்டு சேர்க்கும்.

ஒதுங்குவதன் காரணங்கள்

தேர் ஒதுங்குவதற்குரிய காரணங்களை நால்வகைப்படுத்தலாம்.

முதலாவது, இழுவிசையின் ஏற்றத்தாழ்வு. இடப்புற வடம் மிகுதியாக இழுக்கப்படுமாயின் தேரின் இடப்பக்கம் முந்தும். அதன் முகம் வலப்புறம் திரும்பும். இருபுற வடங்களையும் ஒரே சீராக இழுக்குமாறு குரல் கொடுப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது, நிலத்தின் தன்மை. மழைநீர் வடியும் பொருட்டுச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. நடுவிலிருந்து விலகிய தேரின் சுமை தாழ்ந்த பக்கத்தில் மிகுதியாக அழுந்தும். அன்றியும், காவிரிப் படுகையின் மண் ஆறு கொணர்ந்த வண்டல். ஈரம் ஊறிய இடத்தில் ஒரு சக்கரம் மட்டும் புதையுமாயின், அப்பக்கம் பின்தங்கத் தேர் அத்திசைக்கே திரும்பும்.

மூன்றாவது, உராய்வு வேறுபாடு. அச்சும் சக்கரமும் பொருந்தும் இடத்தில் மசகு குறைந்தால் அச்சக்கரம் தடைப்பட்டுச் சுழலும். அதனால் தேர் அப்பக்கம் இழுபடும்.

நான்காவது, அமைப்புக் குறை. முன்னச்சும் பின்னச்சும் ஒன்றுக்கொன்று இணையாக அமையாவிடில், எத்துணைச் சீராக இழுப்பினும் தேர் வளைந்தே செல்லும்.

இவற்றை வேறுபடுத்தி அறியும் வழி எளியது. வீதியின் எப்பகுதியிலும், இழுப்போர் இடம் மாறியபோதும், தேர் ஒரே திசையில் ஒதுங்குமாயின் குறை தேரில் உள்ளது. இடத்திற்கேற்ப ஒதுக்கம் மாறுமாயின் குறை நிலத்திலோ இழுப்பிலோ உள்ளது. முன்னதை வெள்ளோட்டத்தின்போதே கண்டறிந்து களைதல் வேண்டும். பின்னதை ஓட்டத்தின்போதுதான் திருத்த இயலும்.

முட்டுக்கட்டையின் பணி

ஓட்டத்தின்போது திருத்தும் கருவியே முட்டுக்கட்டை. ஆப்பு வடிவில் செதுக்கப்பட்ட கனமரத் துண்டு இது. தேர் இடப்புறம் ஒதுங்குகிறது எனின், வலப்புற முன்சக்கரத்தின் முன் கட்டை இடப்படும். கட்டையில் முட்டி வலச்சக்கரம் தளர, இடச்சக்கரம் தொடர்ந்து உருளும். எனவே தேரின் முகம் வலப்புறம் திரும்பி நேர்வழியை அடையும். எப்பக்கம் திரும்ப வேண்டுமோ அப்பக்கச் சக்கரத்தைத் தளரச் செய்தல் என்பதே இதன் விதி. படகின் ஒருபுறத் துடுப்பை நிறுத்தினால் படகு அப்புறமே திரும்புவதும் இவ்விதியின்பாற்பட்டதே.

விதி எளிது, செயல் அரிது. உருளும் சக்கரத்திற்கு ஒரு முழத் தொலைவில் குனிந்து நின்று, கட்டையை உரிய கணத்தில் இட்டு, உரிய கணத்தில் விலக வேண்டும். பிந்தி இட்டால் ஒதுக்கம் பெருகும்; மிகுதியாகத் தடுத்தால் தேர் மறுபுறம் ஒதுங்கும். ஆதலின் பட்டறிவு மிக்க வினைஞரே இப்பணியை ஏற்பர். பலர் இழுக்கும் தேரைச் சிலர் நெறிப்படுத்துகின்றனர். உருவத்தால் சிறியோரை இகழாமைக்குத் தேரின் அச்சாணியைத் திருவள்ளுவர் சான்று காட்டினார். அச்சிறப்பு முட்டுக்கட்டைக்கும் பொருந்தும்.

வீதிமுனைகளில் தேரை முழுமையாகத் திருப்ப வேண்டும். ஆங்குக் கட்டை மட்டும் போதாது. சக்கரங்களின் அடியில் இரும்புத் தகடுகளை இட்டு, மசகு தடவி, உராய்வைக் குறைத்து, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் தேரைத் திருப்புவர்.

தெரியுமா?
தஞ்சைப் பெரிய கோவிலில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தேரோட்டம் நடைபெறவில்லை. புதிய தேர் செய்யப்பட்டு, 2015ஆம் ஆண்டு தேரோட்டம் மீண்டும் தொடங்கியது.

மகிழுந்தும் அதே விதியும்

இக்கால ஊர்திகளும் இதே காரணங்களால்தான் ஒதுங்குகின்றன. நம் நாட்டில் ஊர்திகள் சாலையின் இடப்புறம் செல்வதால், சாலைச் சரிவே மகிழுந்தை இடப்புறம் இழுக்கக்கூடும். எனவே முதலில் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கும் ஒதுங்கினால் டயர்களின் காற்றழுத்தத்தை அளத்தல் வேண்டும். காற்றுக் குறைந்த பக்கமே ஊர்தி இழுபடும். அடுத்து, முன்சக்கர டயர்களை இடம் வலமாக மாற்றிப் பார்க்கலாம். ஒதுக்கத்தின் திசையும் மாறினால் குறை டயரில் உள்ளது. ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடேறியிருந்தால் அதன் பிரேக் விடுபடாமல் உரசுகிறது என அறியலாம். இவையனைத்தும் சீராக இருந்தால் மட்டுமே சக்கரங்களின் சாய்வையும் நோக்கையும் ஒழுங்குபடுத்தும் ‘வீல் அலைன்மென்ட்’ பணியை நாடுதல் வேண்டும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் இம்முறை வீண் செலவைத் தவிர்க்கும்.

உயிர்காக்கும் ஒழுங்கு

தேரின் உயரம் அதன் அழகு. அதுவே அதன் இடரும் ஆகும். சக்கரங்களுக்கு இடையே 12 அடி அகலமும், 96 அடி உயரமும் உடைய ஒரு தேரில், ஒருபுறச் சக்கரங்கள் ஓர் அங்குலம் தாழ்ந்தால் அதன் உச்சி 8 அங்குலம் பக்கவாட்டில் நகரும். கீழே சிறிதாகத் தோன்றும் பிழை மேலே பெரிதாகிறது. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று அதிகாலையில், அப்பர் சதய விழாத் தேர் வளைவில் திரும்பியபோது உயரழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். தேர் செல்லும் வழியின் அகலம், வளைவு, தளத்தின் உயரம், மேலே செல்லும் கம்பிகள் ஆகியவற்றை முன்னரே அளந்தறிவதும், தேரோட்ட வேளையில் மின்னோட்டத்தை நிறுத்துவதும் விழா ஏற்பாட்டின் இன்றியமையாக் கூறுகள் என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

உலக வழக்கில் ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்பது ஒரு செயலைத் தடுத்தலைக் குறிக்கிறது. தேர்வீதியில் அதன் பொருள் வேறு. அங்கு அது தேரை நிறுத்துவதற்கு மட்டும் இடப்படுவதன்று. வழிதவறாமல் நிலை சேர்ப்பதற்காகவும் இடப்படுவது. உரிய இடத்தில், உரிய அளவில் அமையும் தடையும் முன்னேற்றத்திற்குத் துணையே என்பதைத் தேர்வினைஞரின் சிறு கட்டை உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை இடுவோரைச் சந்தித்து, அவர்கள் கையாளும் தொழிற்சொற்களைத் தொகுக்க.
2. மிதிவண்டி ஒருபுறம் இழுபடுவதற்குரிய காரணங்களை வரிசைப்படுத்தி, அவற்றைக் கண்டறியும் முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.